அறுபத்திரண்டரை

மார்ச் 3, திங்கள்

மறுமதிப்பீடு வந்துவிட்டது. காசு கட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் அபிராமி அம்மனுக்கு விளக்குப் போட்டு, அதே மார்க்கை இன்னொரு தடவை வாங்கியிருக்கிறேன். மைக்ரோவேவ் இன்ஜினியரிங்கில் அரியர் உறுதி.

இந்த டைரி வாகை வாங்கிக் கொடுத்தது. அவளுக்கும் இதே நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான். நான் வெற்றிச்செல்வி, அவள் வாகைச்செல்வி. இரட்டை. அம்மா ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர்; பிறந்த பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் விளையாட்டு விழாக் கோப்பைக்கு வைப்பது போல வைத்துவிட்டாள். வெற்றி என்ற பெயரோடு அரியர் எழுதப் போகும்போது ஹால் டிக்கெட் வாங்குகிற கண்காணிப்பாளர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை. கடைக்கு யார் வந்தாலும் எங்கள் இருவரையும் காட்டி, "ஒண்ணு ஒரிஜினல், ஒண்ணு காப்பி" என்பார். எது எது என்று இதுவரை சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா என்ன.

விஷயம் இதுதான். ஆன்டெனா சோதிக்கிற ஒரு பெங்களூர் கம்பெனி காம்பஸ் இன்டர்வியூவில் எங்கள் இருவரையுமே எடுத்திருக்கிறது. அரியர் இருந்தால் சேர முடியாது. இன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா தீர்ப்பு சொன்னாள்: "போனா ரெண்டு பேரும் போங்க. இல்லாட்டி ரெண்டு பேரும் இங்கயே இருங்க. ஒத்தையா யாரும் போகக் கூடாது." அப்பாவைப் பார்த்தோம். "அம்மா சொல்றதுதான்" என்று ரசத்துக்குள் குனிந்துகொண்டார்.

ஆக, நான் தோற்றால் வாகையும் வீட்டில். அவள் திட்டாமல் என் தட்டில் இன்னொரு அப்பளம் எடுத்து வைத்தாள். அதுதான் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 5, புதன்

சிலிண்டர் வந்தது. படிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வாகை என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். நான் கோட்டை விட்ட அதே கேள்வி.

ஒரு தாளில் வரைந்தாள். இடது முனையிலிருந்து ஐம்பது ஓம் தடை நடுப்புள்ளிக்கு வருகிறது. வலது முனையிலிருந்தும் அதே ஐம்பது. நடுப்புள்ளியிலிருந்து இன்னொரு ஐம்பது ஓம் கீழே கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, இறங்குகிறது. தாளை நடுவில் மடித்தால் இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தும். வலது முனையைச் சும்மா விட்டுவிட்டு இடது முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால், உள்ளே நுழையும்போது எவ்வளவு தடை எதிர்ப்படும்? அதுதான் இன்புட் இம்பீடன்ஸ்.

"ஐம்பதும் ஐம்பதும் நூறு. இதுக்கு எதுக்குடி ஒரு பாடம்?" என்றேன்.

இந்தச் சின்னப் படத்துக்கு நேராகவே விடை தெரியும், பின்னிக் கிடக்கிற பெரிய சர்க்யூட்டுக்குத் தெரியாது, அதனால்தான் ஈவன் மோடு, ஆட் மோடு முறையில் செய்யச் சொல்கிறார்கள் என்றாள். பிறகு, "நேராப் பார்த்தாலே நூறுன்னு தெரியற கணக்குக்கு நீ பரீட்சையில அறுபத்திரண்டரைன்னு எழுதிட்டு வந்திருக்க" என்றும் சொன்னாள். அன்றிலிருந்து, அதாவது இன்று மதியத்திலிருந்து, என் பெயர் அறுபத்திரண்டரை.

முறை இது. இரண்டு முனையிலும் ஒரே அளவு, ஒரே திசையில் தள்ளினால் ஈவன். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே எதுவும் கடந்து போகாது. தாளை மடிப்பில் வெட்டிவிட்டு ஒரு பாதியைத் தனியாகப் பார்க்கலாம். ஒரு முனையில் தள்ளி மறுமுனையில் அதே அளவு இழுத்தால் ஆட். அப்போது நடுப்புள்ளி அசையாது, பூஜ்யத்திலேயே நிற்கும். அம்மா பள்ளியில் கயிறு இழுக்கிற போட்டியில் இரண்டு பக்கமும் சம பலமாக இருந்தால் நடுவில் கட்டிய கைக்குட்டை அப்படியே நிற்குமே, அது போல.

ஒரு பக்கம் மட்டும் தள்ளுவது என்றால்? பாதி ஈவன், பாதி ஆட். இரண்டையும் சேர்த்தால் இடது பக்கம் முழுசாகும், வலது பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஆகவே இரண்டு தடையையும் கண்டுபிடித்துச் சராசரி எடுத்தால் விடை.

நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் அதைச் சொல்வேனா?

மார்ச் 15, சனி

படிக்க உட்கார்ந்தபோது ஞானம் பிறந்தது. இடது முனை நான். வலது முனை வாகை. நடுவில் அம்மா. அம்மாவுக்குக் கீழே, யார் என்ன செய்தாலும் பூஜ்யத்தில் இருக்கிற கிரவுண்டு, அப்பா. நம் வீடேதான் அந்தப் படம்! அப்படியானால் அம்மாவை அளந்து பார்க்கலாம்.

முதலில் ஆட் மோடு. ராத்திரிக்கு உப்புமா வேண்டும் என்று நான், வேண்டவே வேண்டாம் என்று வாகை. கத்தினோம். அம்மா ஷூவுக்கு வெள்ளை பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. நாங்களே அடித்துக்கொண்டு நாங்களே ஓய்ந்தோம். என் தொண்டை வலித்ததுதான் மிச்சம். ஆட் மோடில் அம்மா கணக்கிலேயே வரவில்லை.

சாப்பிட்ட பிறகு ஈவன் மோடு. இருவரும் ஒரே குரலில், வகுப்பில் எல்லோரும் கொடைக்கானல் போகிறார்கள், நாங்களும் போகிறோம் என்றோம். அடேயப்பா. யார் யார் வருகிறார்கள், எந்த வண்டி, டிரைவர் குடிப்பானா, எங்கே சாப்பாடு என்று எனக்கு ஒரு விசாரணை. அது முடிந்ததும் அதே கேள்விகளை முதலிலிருந்து வாகைக்கு இன்னொரு விசாரணை. கடைசியில் விசில் ஊதி முடித்தாள். வீட்டுக்குள் விசில் ஊதுகிற ஒரே அம்மா இவளாகத்தான் இருக்கும்.

போகலாமாம். ஆனால் ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர்.

மார்ச் 23, ஞாயிறு

வாகை நூலகத்துக்குப் போயிருந்தாள். வலது முனை சும்மா கிடக்கிறது. நான் தனியாக அம்மாவிடம் போய், முடியைக் கழுத்துவரை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

யோசித்துப் பார்த்தால், வாகை பக்கத்தில் நிற்காமல் நான் அம்மாவிடம் எதையுமே கேட்டதில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலும் இருவருக்கும் சேர்ந்தே வரும். அம்மா நடுவில் படுத்துக்கொள்வாள், எனக்கு ஒரு கை, அவளுக்கு ஒரு கை. எனக்கு எப்போதும் பாதி அம்மாதான். புகாராகச் சொல்லவில்லை. பாதிக்குப் பாதி, நியாயமான கணக்கு.

அம்மா கொஞ்சம் முறைத்தாள், ஒன்றிரண்டு கேள்வி கேட்டாள், தோள்வரை வெட்டிக்கொள் என்றாள். உப்புமாவுக்கும் கொடைக்கானலுக்கும் சரியாக நடுவில். சராசரி! முறை வேலை செய்கிறது.

வெட்டிக்கொண்டு வந்து கண்ணாடியில் பார்த்தேன். முதல் தடவையாக யாரைப் போலவும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

வாகையும் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். சிமெட்ரி கெட்டுவிடுமாம். சனியன்.

ஏப்ரல் 11, வெள்ளி

என் அறுபத்திரண்டரை எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் புரிந்தது. வாகை எத்தனை தடவை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை.

ஈவன் மோடில் தாளை நடுவில் வெட்டும்போது, நடுவில் நிற்கிற ஐம்பது ஓமையும் வெட்ட வேண்டும். வெட்டினால் பாதிதானே? இருபத்தைந்து. அப்படித்தான் எழுதினேன். என் பக்கத்து ஐம்பதோடு சேர்த்து எழுபத்தைந்து. ஆட் மோடில் நடுப்புள்ளி பூஜ்யம், என் ஐம்பது மட்டும். இரண்டுக்கும் சராசரி அறுபத்திரண்டரை. எங்கே தப்பு?

இன்று அம்மாவின் பள்ளியில் கடைசிப் பரீட்சை. கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டையைத் தூக்க ஆள் இல்லை என்று என்னையும் இழுத்துப் போனாள். மணி அடித்ததும் பிள்ளைகள் கேட்டை நோக்கி ஓடி வந்தன. அம்மா கேட்டுக்கு நடுவே கயிறு கட்டி, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை என்று பிரித்துவிட்டாள். காலையில் அகலமாக இருந்த அதே கேட்டு, இப்போது என் பக்கத்தில் பாதி அகலம். மூட்டையோடு நுழைய முடியாமல் நசுங்கினேன். கேட்டைப் பாதியாக்கினால் நுழைகிற கஷ்டம் பாதியாகவில்லை, இரட்டிப்பானது!

நடுவே நசுங்கிக்கொண்டே கத்திவிட்டேன், "நூறுடி!" என்று. ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் பயந்துபோய் வழிவிட்டாள்.

நடுவில் இருப்பதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மடங்கு. ஈவன் மோடில் ஐம்பதும் நூறும் நூற்றைம்பது. ஆட் மோடில் ஐம்பது. சராசரி நூறு. நேராகக் கூட்டியபோது வந்த அதே நூறு.

வீட்டுக்கு வந்து வாகையிடம் சொன்னேன். கட்டிப்பிடித்து, "அம்மாவ ரெண்டா வெட்டினா பாதி பாதின்னு நெனச்சிருக்க, லூசு" என்றாள். நான் அம்மாவைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் எதற்கு அம்மாவை இழுக்கிறாள்?

மே 6, செவ்வாய்

எழுதிவிட்டேன். அதே கேள்வி, வேறு எண்கள். கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டில் என் பெயரைப் படித்துவிட்டு நிஜமாகவே சிரித்தார்.

மே 30, வெள்ளி

கம்பெனியிலிருந்து மெயில். வாகை ஜூன் 16 அன்று சேர வேண்டும். ரிசல்ட் வராதவர்கள் தேறினால் ஆகஸ்டில் சேரலாம். ஆனால் ஜூனுக்குத் தேர்வானவர்கள் ஜூனில் வராவிட்டால் அந்த இடம் போய்விடும்.

என் ரிசல்ட் ஜூலையில்தான் வரும். அம்மாவின் சட்டமோ, ஒத்தையாக யாரும் போகக் கூடாது. நான் பாஸானாலும்கூட வாகையின் வேலை போய்விடும்.

வாகை மெயிலைப் படித்துவிட்டு, "போனாப் போகுது" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். பள்ளி நாளிலிருந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள். ஆன்டெனா என்றால் சோறு வேண்டாம் என்பவள். போனாப் போகுதாம்.

அவள் போனால் அறை முழுக்க எனக்குத்தான். நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்கலாம். அதற்காகவாவது அவளை அனுப்பியாக வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

தனியாக அம்மாவிடம் போனேன். நாளைக்குப் பள்ளி திறக்கிறது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து விசில்களுக்குப் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்: ஒற்றைப் பக்கம், நூறு ஓம், நடுத்தரமான எதிர்ப்பு, ஐந்தாறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பதில் தயார்.

"அம்மா, வாகைய மட்டும் அனுப்பு. நான் பாஸாகலன்னாலும் அனுப்பு. அவ எனக்காக நிக்க வேணாம்" என்றேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கேள்வி இல்லை. ஒரு முறைப்பு இல்லை. "ம்" என்றாள். அடுத்த விசிலை எடுத்தாள். முடிவெட்டுவதற்கே கேள்வி கேட்ட அம்மா!

என்ன அம்மா இது? வந்து படுத்துவிட்டேன். வாகைக்காக ஒரு தடவை நான் வாயைத் திறந்து கேட்டால் அம்மாவுக்கு அது காதிலேயே விழாதா? அழுதேன். ஆமாம், அழுதேன், டைரியிடம் என்ன வெட்கம்.

ஜூன் 2, திங்கள்

காலையில் பல் தேய்க்கும்போது பொறி தட்டியது.

அம்மா அசையவே இல்லை. பூஜ்யத்தில் நின்றாள். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் நடுப்புள்ளி பூஜ்யத்தில் நிற்குமா? நிற்காது. அது பூஜ்யத்தில் நிற்க ஒரே வழிதான் உண்டு: மறுமுனையிலிருந்து யாரோ அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுமுனையில் யார் இருக்கிறார்கள்?

பிரஷ்ஷோடு அப்படியே கடைக்கு ஓடினேன். வாகை யாருடைய ப்ராஜெக்டுக்கோ ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மெஷினில்.

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"எத?"

"என்ன சொன்னன்னு கேட்டேன்."

அவள் காகிதத்தைத் தட்டித் தட்டி அடுக்கினாள். பிறகு, "வெற்றி இல்லாம நான் போகமாட்டேன், நீ என்ன சொன்னாலும் அனுப்பிடாதன்னு சொன்னேன். சனிக்கிழமையே சொல்லிட்டேன்" என்றாள்.

"யாரு உன்ன எனக்காக நிக்கச் சொன்னது?"

"உனக்காக யாருடி நின்னா? எனக்குப் பயமா இருக்கு. நான் ஒத்தையா எங்கயும் போனதில்ல. நீ ஒரு நாள் தனியா முடிவெட்டிக்கிட்டதையே என்னால தாங்க முடியல."

இத்தனை வருஷமாக நான்தான் காப்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னடாவென்றால் என்னைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். வாயில் பற்பசை நுரையோடு திட்டினேன், அவளும் திட்டினாள், இருவரும் அழுதோம். காப்பி எடுக்க வந்த வக்கீல் குமாஸ்தா, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். அப்பா மெஷினை நிறுத்திவிட்டு முதல் தடவையாக ஒரு கருத்து சொன்னார்: "ரெண்டு பேரும் சேர்ந்து போய் ஒரே மாதிரி கேளுங்க."

கிரவுண்டு பேசுகிறது! நாங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம். அவர் மெஷினைப் போட்டுவிட்டார். ராத்திரி, நான் பாஸாகி ஆகஸ்டில் வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு வாகை இறங்கி வந்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

ஈவன் மோடு. சாயங்காலம் அம்மா பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் இருவரும் எதிரில் நின்றோம். வாகை இப்போது போகட்டும், ரிசல்ட் வந்ததும் வெற்றி போகட்டும். ஒரே வாக்கியம், ஒரே குரல். வாகையின் கை என் கையில் ஈரமாக இருந்தது.

அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒருத்தி அனுப்புங்கறா, இன்னொருத்தி அனுப்பாதங்கறா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தா, நடுவுல கட்டின கைக்குட்ட நான் எங்கடி நகர்றது?" என்றாள்.

வாகை என் விரலை நசுக்கினாள். மைக்ரோவேவ் படிக்காமலே அம்மா விடையைச் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு ஆரம்பித்தது விசாரணை. ஹாஸ்டல் எங்கே, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ஆபீஸ் பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு, வார்டன் எந்த ஊர், உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார்கள். வாகையை ஒரு முழுச் சுற்று. பிறகு என்னை ஒரு முழுச் சுற்று, வாகை போனால் சாப்பிடுவாயா, தூங்குவாயா, யாரோடு சண்டை போடுவாய் என்று. கொடைக்கானல் இதற்கு முன்னால் தூசு. நான் குறைந்த தடையை எதிர்பார்க்கவே இல்லை. கணக்கு தெரிந்தவள் அல்லவா நான் இப்போது. ஆளுக்கு இரண்டு அம்மா.

கடைசியில் விசில் ஊதினாள். நீளமாக.

ஜூன் 15, ஞாயிறு

பஸ் நிலையம். வாகைக்கு ஜன்னல் சீட்டு. அப்பா ஒரு கட்டு ஆதார் ஜெராக்ஸ் கொடுத்து, "ஒரிஜினல யார்கிட்டயும் குடுக்காத" என்றார். வாகை என்னைக் காட்டி, "ஒரிஜினல்தான் இங்கயே இருக்கே" என்றாள்.

பஸ் கிளம்புகிற வரைக்கும் என்னை அறுபத்திரண்டரை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றும் அழவில்லை. டீசல் புகை.

ஜூன் 16, திங்கள்

கால் நீட்டிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பாஸ்.

மூன்று தடவை பார்த்தேன், ரோல் நம்பர் என்னுடையதுதான். முதலில் வாகைக்குச் சொல்லக் கை பரபரத்தது. சொல்லவில்லை. போனை அணைத்து அரிசி டின்மேல் வைத்தேன். மறுமுனை சும்மா இருக்கட்டும். இன்று நான் ஒற்றையாகக் கேட்க வேண்டும், யாரும் அந்தப் பக்கம் இழுக்காமல், யாரும் கூடச் சேர்ந்து தள்ளாமல்.

அம்மா கொல்லைப்புறத்தில் பள்ளி டீ-ஷர்ட்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பாஸ். ஆகஸ்ட்ல நானும் போறேன்."

அம்மாவின் கையிலிருந்த டீ-ஷர்ட் அப்படியே நின்றது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். விசாரணை இல்லை. "ம்" என்று விட்டுவிடவும் இல்லை. இரண்டு கையாலும் என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு கையும் சேர்ந்து எனக்கே எனக்கென்று கிடைத்தது இதுதான் முதல் தடவை. இன்னொரு கையை யாருக்காகவும் அவள் எடுக்கவில்லை.

"நீயும் போயிட்டா நான் யாருக்குடி விசில் ஊதுவேன்?" என்றாள்.

ஸ்கூல்ல அத்தன பிள்ளைங்க இருக்காங்களேம்மா என்றேன்.

"அதுங்க மொத விசிலுக்கே நின்னுடும். நீங்க ரெண்டு பேருந்தான் எத்தன ஊதினாலும் நிக்கமாட்டீங்க."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன், ஈரத் துணி வாசனை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹாஸ்டலில் வாகையின் அறையிலேயே இடம் கிடைக்குமா என்று கேட்டாள். வேறு அறை கேட்கப் போகிறேன், பக்கத்து அறை என்றேன். யோசித்தாள். "சரி, போயிட்டு வா" என்றாள்.

உள்ளே வந்து போனைப் போட்டேன். ரிசல்ட் என்னடி, செத்துட்டியா, எடுத்துத் தொலை என்று வாகையிடமிருந்து செய்திகள் குவிந்து கிடந்தன. பாஸ் என்று அனுப்பவில்லை.

"நூறு" என்று மட்டும் அனுப்பினேன்.